இடது மூலை அம்பு

பெலோப்ரெக் நகரின் குடிமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நகராட்சி மன்றத்தின் இருநூற்றுப் பதினான்காம் தீர்மானத்தின்படி, நடப்பு மாதம் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, முற்பகல் பதினொரு மணி முதல், இந்நகரில் எவரும் எக்காரணம் கொண்டும் பின்னோக்கிச் செல்ல வேண்டிய அவசியம் இராது.

இந்த வாசகம் நகராட்சிக் கட்டடத்தின் முகப்பில் நான்கு மீட்டர் நீளத் துணியில் தொங்கியது. எழுதியவர் துணை மேயர் ஸ்வெதோஸார் பனோவ். விஷயம் இவ்வளவுதான்: நகராட்சிக்கு ஓர் இணையதளம் வந்திருந்தது. வாகன நிறுத்த அட்டை, தண்ணீர் இணைப்பு, நாய்ப் பதிவு என்று பதினோரு காரியங்களுக்கு இனி அதில் விண்ணப்பிக்கலாம். தளத்தின் பெயர் ‘முன்னோக்கி மட்டும்’. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘முன்னே’ என்று ஒரே ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். ‘பின்னே’ என்ற பொத்தான் எங்கேயும் இருக்கக் கூடாது என்பது துணை மேயர் எழுத்து மூலம் போட்ட உத்தரவு. இருபது வருஷத்தில் பாதி ஜனம் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்ட ஊரில், மீதிப் பாதியையாவது முன்னே தள்ளிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம்.

தளத்தைச் செய்தவன் ஓக்னியான். நகராட்சியின் கணினித் துறை என்றால் அவன்தான். அவன் லீவு போட்டால் துறைக்கே லீவு. வயது முப்பத்து நான்கு. முன்பு ப்ளோவ்திவ் என்ற பெரிய நகரத்தில் பஸ் டிக்கெட் விற்கும் ஒரு கம்பெனியில் இருந்தான். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை, சோதிக்காத ஒரு திருத்தத்தை அவசரமாக ஏற்றிவிட்டான். அந்த வார இறுதியில் கடலுக்குப் போக டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே இருக்கையில் உட்கார வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை அவனுக்கு வேலை இல்லை. பிறகு மாமனார் ஊரான பெலோப்ரெக்குக்கு வந்து, நகராட்சியில் ஆறு மாதத் தற்காலிகப் பணியில் சேர்ந்தான். அந்த ஆறு மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மனைவிக்கு ஏழாம் மாதம். புதன்கிழமைத் திறப்பு விழா ஒழுங்காக நடந்தால் பணி நிரந்தரம், நடக்காவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பனோவ் தெளிவாகச் சொல்லியிருந்தார். தெளிவாகச் சொல்வது அவருக்குப் பிடிக்கும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பனோவ் தம் உத்தரவைத் தளத்துக்குத்தான் போட முடிந்தது. திரையின் இடது மேல் மூலையில் ஒரு சின்ன அம்பு இருக்கிறதே, பின்னால் போவதற்கு, அது உலாவிக்குச் சொந்தம். நகராட்சிக்குக் கட்டுப்பட்டதல்ல. தீர்மானம் எதையும் அது படிப்பதில்லை.

ஆறு வாரச் சோதனை ஓட்டத்தின் முதல் நாளே இது தெரிந்துவிட்டது. வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் செய்த தளத்துக்காக ஊரார் எல்லாரும் நகராட்சிக் கூடத்துக்கு வந்தார்கள். மூன்றாம் கவுன்ட்டரை ஒட்டி வைத்திருந்த பொதுக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, கவுன்ட்டரில் இருக்கும் ஃபிடான்காவைத் திட்டிக்கொண்டே விண்ணப்பித்தார்கள். நாலாவது பக்கத்தில் கார் நம்பர் தப்பு என்று தோன்றும். ‘பின்னே’ பொத்தானைத் தேடுவார்கள். இல்லை. மூலையில் அம்பு இருக்கிறது. அழுத்துவார்கள். ஓக்னியான் நாலு பக்கத்தையும் ஒரே முகவரியில் அடுக்கி வைத்திருந்ததால், அம்புக்குத் தெரிந்த முந்தைய இடம் சேவைகளின் பட்டியல்தான். அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும். நிரப்பியது அத்தனையும் காற்றோடு போகும்.

“ஏழு தடவ, டேய், ஏழு தடவ!” என்று ஃபிடான்கா அவன் அறைக்கே வந்து கத்தினாள். ஐம்பத்தெட்டு வயது, ஆஸ்துமா, ஆனால் கத்துவதற்கு மட்டும் மூச்சு எங்கிருந்தோ வந்துவிடும். “ஒரு மனுஷன் ஒரு நாய்க்கு ஏழு தடவ ஃபாரம் ரொப்பினாரு. ஏழாவது தடவ நாயோட பேர் இருந்த எடத்துல என் பேர எழுதிட்டுப் போறாரு. உன் பொத்தான எங்கடா வச்சிருக்க?”

“அக்கா, பொத்தான் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“அப்ப அந்த அம்ப எடுத்துடு.”

“அது என்னோடது இல்லக்கா.”

“உன்னோடது எதுதான்டா இங்க இருக்கு?”

புகார் மேலே போய்ச் சேர ஐந்து வாரம் ஆனது. பனோவ் பொத்தானுக்கு அனுமதி தரவில்லை. “கொள்கைன்னா கொள்கைதான் தம்பி. ஆனா ரொப்பினது எதுவும் தொலையக் கூடாது. அதுக்கு என்ன பண்ணுவியோ பண்ணு” என்றார். ஓக்னியான் ஒரே நாளில் செய்தான். ஒருவர் நிரப்புவதை எல்லாம் அந்தக் கணினியிலேயே ஒரு பெட்டியில் போட்டு வைப்பது, அவர் அம்பை அழுத்தித் திரும்பி வந்தால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பது, ‘சமர்ப்பி’ அழுத்தியதும் பெட்டியைக் காலி செய்வது. நல்ல யோசனைதான். பதினோரு சேவைக்குப் பதினோரு பெட்டி வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றுதான் வைத்தான்.

புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு ஃபிடான்கா போன் செய்தாள். குரல் தணிந்திருந்தது.

“தம்பி, கொஞ்சம் கீழ வா. நான் செத்துப் போயிட்டேன்.”

பெலோப்ரெக்கில் ஒருவர் செத்தால் அவர் முகம் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சாகி வீட்டு வாசலிலும், வேலை பார்த்த இடத்தின் கதவிலும், பஸ் நிறுத்தத்திலும், தேவாலயப் பலகையிலும் ஒட்டப்படும். நாற்பதாம் நாள் மறுபடியும், ஆறாம் மாதம் மறுபடியும், வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும். தெருவில் நடப்பவர்களைவிடச் சுவரில் இருப்பவர்கள் அதிகம். அதனால் தளத்திலும் அதிகம் கேட்கப்படும் சேவை அதுதான். பட்டியலில் முதல் வரி, ‘அஞ்சலித் தாள்’. இந்தச் சேவையில்தான் பனோவுக்கு மிகுந்த பெருமை. முன்பு மூன்று பேர் கையெழுத்து வேண்டும், மூன்று நாள் ஆகும். அவர் மூன்று கையெழுத்தையும் ஒழித்தார். இப்போது ‘சமர்ப்பி’ என்று அழுத்தினால் கீழ்த்தள அச்சறையில் பன்னிரண்டு தாள் தானாக வந்து விழும். மனிதக் கை படாத சேவை என்று பேட்டி கொடுத்திருந்தார். பட்ட ஒரே கை கென்சோவுடையது. பசை வாளியோடு சைக்கிளில் போய் ஒட்டுவது அவர் வேலை.

ஃபிடான்கா திரையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புக் கட்டத்துக்குள் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் பெயர், விலாசம், வேலை பார்க்கும் இடம், அதற்கும் கீழே அன்றைய தேதி.

“கார் அட்டைக்குத்தான் ரொப்பினேன். அம்ப அழுத்தினேன். பட்டியல் வந்துச்சு. சும்மா மொத வரியத் தொட்டேன். பாத்தா, பொணமாயிட்டேன். நல்லவேள, ‘சமர்ப்பி’ மட்டும் தொடல.”

ஓக்னியானுக்கு உடனே விளங்கியது. ஒரே பெட்டி. வாகன அட்டைக்குப் போட்ட படமும் பெயரும் பெட்டியில் கிடக்கிறது; அடுத்து எந்தச் சேவை வாயைத் திறந்தாலும் அதற்குள் போய் விழுகிறது. தேதியும் அஞ்சலி வாசகமும் யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் தானாகவே வந்துவிடும். அதுவும் அவன் செய்த வசதிதான்.

“மணி என்னக்கா?”

“ஒம்போதர ஆகப்போவுது. பதினோரு மணிக்கு ஆளுநர் அம்மா வராங்க. டிவிக்காரன் பத்து மணிக்கே கேமராவ வச்சிடுவான்.”

அவளுடையதைப் பெட்டியிலிருந்து அழித்துவிட்டு மாடிக்கு ஓடினான். திருத்தம் ஒன்றும் பெரிதல்ல. சேவைக்கு ஒரு பெட்டி, பக்கத்துக்கு ஒரு முகவரி; அம்பை அழுத்தினால் ஒரே ஒரு பக்கம் பின்னால் போகும், போன இடத்தில் தன்னுடையது மட்டும் இருக்கும். ஆரம்பத்திலேயே இப்படித்தான் செய்திருக்க வேண்டும். பத்தரைக்குள் எழுதி முடித்துவிட்டான். எழுதியதை ஏற்றுவதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும். ஆனால் பதினோரு சேவையிலும் சோதித்துப் பார்க்க ஒரு நாளாவது வேண்டும். விரல் விசைக்கு மேலே நின்றது. ப்ளோவ்திவில் ஒரே இருக்கைக்கு வந்து நின்ற நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவன் கண்முன் வரிசையாக வந்தார்கள், பெட்டி படுக்கையோடு. விரலை எடுத்துக்கொண்டான்.

மனைவியிடமிருந்து செய்தி வந்தது: “எல்லாம் நல்லா போகுதா?” ‘ம்’ என்று பதில் போட்டுவிட்டுப் பனோவின் அறைக்கு ஓடினான்.

பனோவ் கண்ணாடி முன் நின்று கழுத்துப் பட்டையைச் சரி செய்துகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்தாயிற்று. கேமரா முன்னால் அவர் அதை அணிவதில்லை.

“சார், ஒரே ஒரு சின்ன விஷயம். மேடையில அந்த அம்ப மட்டும் அழுத்தாதீங்க.”

“எந்த அம்பு?”

“இடது மூலையில, பின்னால போறது.”

பனோவ் மெல்லத் திரும்பினார். “தம்பி, முப்பது வருஷ அரசியல். மூணு கட்சி. நான் எப்பவாவது பின்வாங்கிப் பாத்திருக்கியா?”

“இல்ல சார். ஆனா அழுத்தினா வேற சேவைக்குள்ள…”

“வெள்ளிக்கெழம உனக்கு என்னன்னு ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அப்ப நல்லதையே நெனை.”

பதினொரு மணிக்குக் கூடம் நிரம்பியது. ஆளுநர் அம்மையாருக்குப் பாடகர் குழுப் பெண்கள் வரவேற்பு வழக்கப்படி ரொட்டியும் உப்பும் நீட்டினார்கள். அவர் ஒரு விள்ளல் பிட்டு உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். பொதுக் கணினியின் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். உயரமான ஜன்னல்களில் வெயில் கொட்டியதால் சுவரில் எழுத்து எதுவும் தெரியவில்லை, முகம் மட்டும் மங்கலாகத் தெரியும். ஓக்னியான் பின்சுவரில் முதுகை ஒட்டி நின்றான். அவனுக்கும் கணினிக்கும் நடுவே ஐந்து வரிசை நாற்காலிகளும் பன்னிரண்டு பாடகிகளும் இருந்தார்கள்.

பனோவ் இருபது நிமிஷம் பேசினார். பிறகு கணினி முன் உட்கார்ந்து தம் சொந்த வண்டிக்கு நிறுத்த அட்டை கேட்டு விண்ணப்பிக்கத் தொடங்கினார். பெயர். முன்னே. விலாசம், வேலை பார்க்கும் இடம். முன்னே. படம். அவர் முகம் சுவர் முழுக்க விரிந்தது. தேர்தல் சமயத்தில் எடுத்தது. அசலைவிடப் பத்து வயது குறைவு. முன்னே. கார் நம்பர் கேட்கும் பக்கம் வந்ததும் முகம் மறைந்துபோயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஆளுநர் அம்மையார் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். சுவரில் வெறும் கட்டங்கள்.

பனோவுக்கு மனசு கேட்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தது, அதை அந்த அம்மாள் பார்க்கவில்லை. அவர் கை இடது மூலைக்குப் போவதை ஓக்னியான் பார்த்தான். ‘வேண்டாம்’ என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அம்பு. பட்டியல். மூக்குக்கண்ணாடி இல்லாத பனோவ் முதல் வரியைத் தட்டினார்.

முகம் மறுபடியும் சுவரில் எழுந்தது. இம்முறை சுற்றிலும் ஒரு கறுப்புக் கட்டம்.

“பாத்தீங்களா!” என்று பனோவ் இரண்டு கையையும் விரித்தார். “போனேன், வந்தேன், எதுவும் தொலையல! இன்னும் அழகா ஃப்ரேம் போட்டுக் குடுத்திருக்கு!”

கை தட்டினார்கள். மூன்றாம் கவுன்ட்டரில் ஃபிடான்கா சிலுவை போட்டுக்கொண்டாள். ஓக்னியானின் காலடியில் கணினிக்குப் போகும் மின்கம்பி ஓடியது. பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடும். டிவி கேமராவுக்கு முன்னால், ஆளுநருக்கு முன்னால், தளம் செத்துவிடும், வெள்ளிக்கிழமையும் அதோடு சேர்ந்து. பிடுங்காவிட்டால்? ஒருவேளை கடைசிப் பக்கத்தில் அவருக்கே தெரிந்துவிடலாம். ஒருவேளை அச்சு இயந்திரத்தில் தாள் தீர்ந்திருக்கலாம். இப்படி மூன்று விநாடி யோசித்தான். அதற்குள் பனோவ் முன்னே, முன்னே, முன்னே என்று போய்ச் ‘சமர்ப்பி’யை அழுத்திவிட்டார்.

தரைக்கு அடியிலிருந்து கரகரவென்று ஓர் ஓசை எழுந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அச்சு இயந்திரம் ஒரு சிணுங்கலும் இல்லாமல் ஓடியது.

நாற்காலிகளைச் சுற்றி, பாடகிகளைத் தாண்டி, படியிறங்கிப் போனபோது அச்சறை காலி. இயந்திரத்தின் தட்டு சூடாக இருந்தது. பசை வாளி மூலையில் இல்லை. கென்சோ இருபத்திரண்டு வருஷமாக ஒட்டுகிறார். பெயரைப் படிக்க மாட்டார், முகத்தைப் பார்க்க மாட்டார், தாளோடு வரும் விலாசப் பட்டியலை மட்டும் பார்ப்பார். செத்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பார். கைபேசி வைத்துக்கொள்வதும் இல்லை.

பதினொன்று முப்பத்தைந்து. விழாவை ஒட்டிய விருந்து பன்னிரண்டேகாலுக்கு முடியும். பிறகு எல்லாரும் வெளியே வருவார்கள். பன்னிரண்டு தாள், நாற்பது நிமிஷம்.

தேவாலயப் பலகையில் இரண்டு இருந்தன, பசை ஈரத்தோடு. முதல் தாளை உரித்தபோதே பின்னாலிருந்து ஒரு பை அவன் முதுகில் விழுந்தது.

“செத்தவங்க தாளக் கிழிக்கிறியே, பாவி! உன் கை வெளங்குமா?” காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி.

“இல்லக்கா, தப்பாயிடுச்சு. இவரு சாகல.”

“யாரு அது? காட்டு.” அவள் வாங்கிப் பார்த்தாள். “பனோவா? சாகலயா?”

“சத்தியமா சாகலக்கா.”

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “அதானே பாத்தேன்” என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மருந்துக் கடையில் மூன்று. சந்தை வாசலில் இரண்டு. பஸ் நிறுத்தத்தில் ஒன்று. அதன் முன்னால் இரண்டு ஓய்வூதியக்காரர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“அயராத உழைப்பாளின்னு போட்டிருக்கு. அப்ப இது வேற பனோவ்யா.”

“மூஞ்சி அவர் மாதிரிதான இருக்கு?”

“மூஞ்சிய விடு. எழுத்தப் படி.”

ஓக்னியான் நடுவே புகுந்து உரித்துக்கொண்டு ஓடினான். எட்டு. கையெல்லாம் பசை, சட்டையெல்லாம் பசை. பையிலிருந்த கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. பசைக் கையால் எடுக்க முடியவில்லை. மனைவியாக இருக்கும். அல்லது பனோவாக. இரண்டில் எது மேல் என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை.

மீதி நாலில் மூன்று பனோவ் குடியிருக்கும் கட்டடத்துக்கு. வெளிக்கதவில் இருந்ததை உரித்தான். மின்தூக்கிப் பக்கத்தில் இருந்ததை உரித்தான். மூன்றாவது இரண்டாம் மாடியில், வீட்டுக் கதவிலேயே. அதன் முன்னால் பனோவின் மனைவி ஸ்ட்ராவ்கா நின்றிருந்தாள். கையில் குப்பைப் பை. குப்பை கொட்டப் போனவள் கதவைத் திறந்திருக்கிறாள்.

அவள் திரும்பவில்லை. “காலையில முட்ட உப்பா இருக்குன்னு சண்ட போட்டுட்டுப் போனாரு” என்றாள் தாளிடம். “போன் பண்றேன், எடுக்கல.”

“அம்மா…”

“எடுக்கவே மாட்டேங்கறாரு.” அப்படியே படியில் உட்கார்ந்தாள். குப்பைப் பை உருண்டு முட்டை ஓடுகள் சிதறின. முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

அந்த ஒரு நிமிஷம் ஓக்னியானுக்கு வெள்ளிக்கிழமை மறந்துபோயிற்று. தன் ஒற்றைப் பெட்டி எங்கே வந்து திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் முன் மண்டியிட்டு, பசைக் கையால் அவள் கையைப் பிடித்தான்.

“அம்மா, உயிரோட இருக்காரு. நகராட்சியில விருந்து. போன அமத்தி வச்சிருக்காரு. இந்நேரம் சுட்ட கறி கெபாப்பே சாப்பிட்டுட்டு இருப்பாரு. தப்பு என்னோடது. கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு.”

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். “எத்தன?”

“என்னம்மா?”

“எத்தன கெபாப்பே?”

“ஒரு… அஞ்சு இருக்கும்.”

“டாக்டர் ரெண்டுக்கு மேல கூடாதுன்னிருக்காரு” என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். கொஞ்சம் அழுதுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவன் கை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்த்து எடுத்தாள். “நான் அழுதேன்னு அவருகிட்ட சொன்னே, அப்புறம் உனக்கே நான் தாள் ஒட்ட வேண்டி வரும்.”

பதினொன்று கையில் இருந்தது. பன்னிரண்டாவது, வேலை பார்த்த இடத்தின் கதவு. நகராட்சி வாசல். கென்சோ சுற்று முடித்துத் திரும்பும்போது கடைசியாக அங்கேதான் ஒட்டுவார்.

மணி பன்னிரண்டு பதினாறு. ஓடினான். சதுக்கத்தைக் கடக்கும்போதே தெரிந்துவிட்டது. வாசலில் கூட்டம், கேமரா, ஆளுநர் அம்மையார். நான்கு மீட்டர் துணிக்கு நேர் கீழே, கதவின் நட்டநடுவில், கறுப்புக் கட்டத்துக்குள் பனோவ். அதன் முன்னால் இன்னொரு பனோவ். கென்சோ வாளியோடு ஓரமாக நின்று ஒருவரை ஒருவர் பார்க்கும் அந்த இருவரையும் தம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபிடான்கா எங்கிருந்தோ வந்து பனோவின் கையில் மூக்குக்கண்ணாடியைத் திணித்தாள். கேமரா பார்க்க அவர் அதை மாட்டினார். வாய்விட்டுப் படித்தார்:

“அயராத உழைப்பாளி. ஈடு இணையற்ற தோழர். நகரமே கண்ணீர் சிந்துகிறது.”

சதுக்கத்தில் ஒரு புறா நடந்து போனது. ஓக்னியான் பதினோரு தாளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். சட்டையோடு அவை ஒட்டிக்கொண்டன. தொட்டில் வாங்கவில்லை என்பது ஏனோ அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

பனோவ் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் முப்பது வருஷ அரசியல், மூன்று கட்சி. கேமராவைப் பார்த்ததும் தோள் தானாக நிமிர்ந்தது.

“அம்மணி! சமர்ப்பிச்சது பதினொண்ணு முப்பது. இப்ப பன்னெண்டு பதினேழு. வேற எந்த நகராட்சியில, நாப்பத்தேழு நிமிஷத்துல, ஒரு குடிமகனோட கதவுக்கு சேவை வந்து சேருது, சொல்லுங்க! இதுக்காக நான் என்னையே குடுத்திருக்கேன்!”

ஆளுநர் அம்மையார் தாளை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கை தட்டினார்; அவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். டிவிக்காரன் தாளையும் அவரையும் ஒரே சட்டத்தில் எடுத்தான். கென்சோகூட வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

வண்டிகள் போன பிறகு பனோவ் அவனை மூன்றாம் கவுன்ட்டருக்குக் கூப்பிட்டார். ஓக்னியான் எல்லாவற்றையும் சொன்னான்: ஒரே பெட்டி, தன் அவசரம், தன் தப்பு. திருத்தத்தை எழுதி வைத்திருப்பதையும் சொன்னான்: சேவைக்கு ஒரு பெட்டி, பக்கத்துக்கு ஒரு முகவரி. அம்பு அதன் பாட்டுக்கு இருக்கட்டும், யார் அழுத்தினாலும் ஒரு பக்கம் மட்டும் பின்னால் போவார்கள்.

“அதாவது, ஜனங்க பின்னால போகலாம்னு நகராட்சியே ஒத்துக்கணும்” என்றார் பனோவ்.

“ஒரு பக்கம்தான் சார்.”

“எத்தன நாள் ஆகும்?”

“சோதிக்க ரெண்டு நாள்.”

பனோவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே திரையின் இடது மூலையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “ஃபிடான்கா, முதலுதவிப் பெட்டி எங்க?”

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒரு பிளாஸ்திரியைக் கத்தரித்து அம்பின் மேல் ஒட்டிக் கட்டை விரலால் அழுத்தினார். தள்ளி நின்று பார்த்தார்.

“வீட்டிலேர்ந்து யாராவது பண்ணினா, சார்?”

“ஆறு வாரத்துல வீட்டிலேர்ந்து எத்தன பேர் பண்ணினாங்க?”

ஓக்னியானிடம் அந்தக் கணக்கு இருந்தது. ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நிரந்தரப் பணி ஆணை வந்தது. திருத்தம் இன்னும் ஏற்றப்படவில்லை.

பிளாஸ்திரி ஒரு வாரத்துக்கு மேல் ஒட்டுவதில்லை. திங்கட்கிழமைதோறும் ஓக்னியான் அதை மாற்றுகிறான்.